கிரியேட்டினின் மட்டும் போதுமா? சிறுநீரகப் பரிசோதனைகளில் எதை, எப்போது எடுப்பது

லேபில் ரத்தம் எடுக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் பல வருடங்களாக நின்றுகொண்டிருக்கிறேன். "கிட்னிக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க" என்று சொல்லிக் கையை நீட்டுபவர்களிடம் "எந்த டெஸ்ட்?" என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. பட்டியலில் யூரியா இருக்கிறது, கிரியேட்டினின் இருக்கிறது, சிஸ்டாட்டின் சி இருக்கிறது, சிறுநீரில் மட்டும் நாலு விதம் இருக்கிறது. சிலர் இருப்பதிலேயே பெரிய பேக்கேஜைக் கேட்பார்கள். சிலர் "கிரியேட்டினின் மட்டும் போதும்" என்பார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது ஒரு ஜோடி: ரத்தத்தில் கிரியேட்டினினும் அதிலிருந்து கணக்கிட்ட ஈஜிஎஃப்ஆரும் (வடிகட்டும் வேகமான ஜிஎஃப்ஆரின் மதிப்பீடு) ஒன்று, சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் இன்னொன்று. இந்த ஜோடியில் இரண்டாவதைத்தான் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். அதை விடுவதால் எத்தனை வருடம் வீணாகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் கிட்டத்தட்ட எல்லாமே திரும்ப உள்ளே உறிஞ்சப்பட்டு, ஒன்றிரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே வருகிறது. இந்த வேலையைப் பற்றி நாம் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு. எவ்வளவு வடிகட்டுகிறது? வடிகட்டியில் எங்காவது ஒழுகுகிறதா? ஒன்றுக்கான பதில் இன்னொன்றுக்குப் பொருந்தாது. நன்றாக வடிகட்டிக்கொண்டே ஒழுகவும் செய்யலாம். கொஞ்சமும் ஒழுகாமல் வேகம் மட்டும் குறைந்தும் போகலாம்.

ஆகவே எந்தச் சோதனையானாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதை. அடுத்து, பாதிப்பை எவ்வளவு சீக்கிரம் காட்டும். மூன்றாவது, சிறுநீரகத்துக்குச் சம்பந்தமில்லாத எது எது அந்த எண்ணை ஏற்றி இறக்கும். கடைசியாக, பில்லில் வராத செலவு: மறுபடி எடுக்க வேண்டியது, தேவையில்லாத பயம், எல்லாம் சரி என்ற பொய்யான நிம்மதி. இந்த நிம்மதிதான் எல்லாவற்றிலும் பெரிய செலவு.

## கிரியேட்டினினும் ஈஜிஎஃப்ஆரும்

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் உற்பத்தியாகி, சிறுநீரகம் வழியாக வெளியே போகிறது. வடிகட்டும் வேகம் குறைந்தால் ரத்தத்தில் தேங்கும். 1886இல் மாக்ஸ் யாஃபே கண்டுபிடித்த பிக்ரிக் அமில நிறமாற்றத்தை வைத்து இன்றும் பல லேப்களில் இதை அளக்கிறார்கள். என்சைம் முறை அதைவிடத் துல்லியம். யாஃபே முறையில் ரத்தத்தில் உள்ள கீட்டோன் போன்ற வேறு பொருட்களும் நிறம் காட்டி எண்ணை ஏற்றிவிடும்.

இதன் பலம், எங்கும் கிடைக்கும், மலிவு, ஒரே குழாய் ரத்தம் போதும், வெறும் வயிறு தேவையில்லை. பலவீனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வடிகட்டும் வேகம் பாதியானால் கிரியேட்டினின் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஒருவருக்கு 0.6 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) இருந்தது 1.2 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பாதித் திறனை இழந்துவிட்டார். ஆனால் பெரும்பாலான ரிப்போர்ட்களில் 1.2 அல்லது 1.3 வரை இயல்பு என்றுதான் அச்சடித்திருக்கும், தடித்த எழுத்தில்கூட வராது. இன்னொருவருக்கு 4 இருந்தது 8 ஆகிறது. குடும்பமே பதறும். அவர் இழந்ததும் பாதிதான், ஆனால் ஏற்கெனவே மிஞ்சியிருந்த கொஞ்சத்தில் பாதி. அதிகம் கைவிட்டுப் போகும் ஆரம்பக் கட்டத்தில்தான் இந்த எண் ரொம்ப அமைதியாக இருக்கிறது.

அதனால்தான் ஈஜிஎஃப்ஆர் வந்தது. கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்து, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் கணக்கு அது. இப்போது பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது 2021இல் வந்த சிகேடி-எபி சூத்திரம். 25 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.2 என்றால் இந்தக் கணக்கில் ஈஜிஎஃப்ஆர் 86. அதே 1.2 ஒரு 70 வயதுப் பெண்ணுக்கு என்றால் 49. ஒரே எண், ஒரே காகிதம். ஒருவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம், இன்னொருவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கூடுதல் ரத்தம் வேண்டாம், கணக்குப் போட்டால் போதும்.

90க்கு மேல் இயல்பு, 60 முதல் 89 வரை லேசான குறைவு, 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய், 15க்குக் கீழே செயலிழப்பு. இந்த "மூன்று மாதம்" மிக முக்கியம். ஒரே ஒரு ரிப்போர்ட்டில் 57 வந்துவிட்டது என்பதற்காக யாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை.

சரி, இது எங்கே ஏமாற்றும்? தசை எங்கே வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதோ அங்கே. ஜிம்மில் உடம்பை ஏற்றியவருக்கும் கிரியேட்டின் பவுடர் சாப்பிடுபவருக்கும் எண் கூடும், சிறுநீரகம் நன்றாகவே இருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர், மெலிந்த முதியவர், கல்லீரல் நோயாளி, கால் துண்டிக்கப்பட்டவர் ஆகியோருக்கு எண் குறையும், சிறுநீரகம் மோசமாக இருந்தாலும். முந்தின இரவு நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலும் ஏறும். சமைக்கும் சூட்டில் இறைச்சியிலுள்ள கிரியேட்டின் கிரியேட்டினினாக மாறிவிடுவதுதான் காரணம். 12 மணி நேரம் இறைச்சியைத் தவிர்த்துவிட்டு வந்தால் நல்லது. டிரைமெத்தோபிரிம் போன்ற சில மருந்துகள் வடிகட்டலைத் தொடாமலே கிரியேட்டினினை மட்டும் ஏற்றிவிடும்.

இன்னொன்று. சில ரத்த அழுத்த மாத்திரைகளை, குறிப்பாக 'பிரில்' என்றும் 'சார்ட்டன்' என்றும் முடியும் வகைகளை, ஆரம்பித்த சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக அதை ஏற்றுக்கொண்டு மருந்தைத் தொடர்வார்கள், ஏனென்றால் நீண்ட காலத்தில் சிறுநீரகத்தைக் காப்பதே அந்த மருந்துதான். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து தானாகவே மாத்திரையை நிறுத்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. குழந்தைகளுக்கு உயரத்தைச் சேர்த்த வேறு கணக்கு இருக்கிறது. திடீரென்று சிறுநீரகம் கெடும்போதும் ஈஜிஎஃப்ஆர் உதவாது. காலையில் வடிகட்டல் நின்றே போயிருந்தாலும் கிரியேட்டினின் தேங்கி ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். அங்கே ஒற்றை எண்ணைவிட ஏறும் வேகம்தான் பேசும்: 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலே திடீர் பாதிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். சிறுநீர் வெகுவாகக் குறைந்து, முகமோ காலோ வீங்கி, மூச்சு வாங்கினால் டெஸ்ட் தேர்ந்தெடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## யூரியா

தனியாக எடுத்தால் இதற்குப் பெரிய மதிப்பு இல்லை. கல்லீரலில் புரதம் சிதைந்து உருவாவது யூரியா. தண்ணீர் குறைவாகக் குடித்தால் ஏறும், புரதம் அதிகம் சாப்பிட்டால் ஏறும், ஸ்டீராய்டு எடுத்தால் ஏறும், குடலுக்குள் ரத்தம் கசிந்தால் ஏறும். கல்லீரல் கெட்டால் இறங்கும். கிரியேட்டினினோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் பயன். யூரியா மட்டும் எகிறி, கிரியேட்டினின் அவ்வளவாக ஏறாமல் இருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று யோசிப்பார்கள்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சில லேப்கள் யூரியா என்று போடும், சில லேப்கள் பியுஎன் என்று போடும். பியுஎன் என்பது யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும். அதை 2.14ஆல் பெருக்கினால் யூரியா. போன மாதம் 18, இந்த மாதம் 39 என்று பதறிக்கொண்டு வந்த ஒருவரிடம் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒன்றில் பியுஎன், இன்னொன்றில் யூரியா. அவருக்கு எதுவும் மாறவில்லை.

## சிஸ்டாட்டின் சி

கருவுள்ள எல்லாச் செல்களும் சீராக உற்பத்தி செய்யும் ஒரு சின்னப் புரதம் இது. தசையை அவ்வளவாகச் சார்ந்திருக்காது என்பதுதான் இதன் சிறப்பு. கிரியேட்டினின் எங்கெல்லாம் ஏமாற்றுகிறதோ, அங்கெல்லாம் இது கைகொடுக்கும். எலும்பும் தோலுமாக வந்த ஒரு பாட்டிக்குக் கிரியேட்டினின் 0.7. பார்த்தால் இளம்பெண்ணின் ரிப்போர்ட் மாதிரி இருந்தது. மருத்துவர் சந்தேகப்பட்டுச் சிஸ்டாட்டின் சி கேட்டார். அதை வைத்துக் கணக்கிட்ட ஈஜிஎஃப்ஆர் 50க்குக் கீழே. பாட்டி எடுத்துக்கொண்டிருந்த மூன்று மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருந்தது.

அப்படியானால் எல்லோரும் இதையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். இதையும் ஏமாற்றும் விஷயங்கள் உண்டு. ஸ்டீராய்டு, தைராய்டு மிகைச் சுரப்பு, அழற்சி, உடல் பருமன், புகைபிடித்தல் ஆகியவை எண்ணை ஏற்றிவிடும், தைராய்டு குறைந்தால் எண் இறங்கும். கிரியேட்டினினைவிடப் பல மடங்கு விலை. எல்லா லேபிலும் செய்வதில்லை, வெளியே அனுப்பினால் முடிவு வர நாளாகும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரம்தான் தனித்தனியாகப் பார்ப்பதைவிட உண்மைக்கு அருகில் போகிறது. சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல் அமைப்பான கேடிகோவும் 2024இல், துல்லியம் தேவைப்படும் இடத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. ஈஜிஎஃப்ஆர் 45க்கும் 59க்கும் நடுவில் நின்று, சிறுநீரில் அல்புமினும் இல்லாமல், "நோய் இருக்கிறதா இல்லையா" என்று தொங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் செலவு தகும். ஆரம்பத்திலேயே இதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

## சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம்

இதுதான் நான் வாதாட வந்த சோதனை. ஏசிஆர் என்பார்கள். சர்க்கரை நோயால் கெடும் சிறுநீரகத்தில் பெரும்பாலும் முதலில் வடிகட்டி ஒழுக ஆரம்பிக்கும், வேகம் குறைவது அப்புறம்தான். ஈஜிஎஃப்ஆர் 95 என்று அழகாக இருக்கும்போதே அல்புமின் கசிந்துகொண்டிருக்கும். சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் காலம் அதுதான். கிரியேட்டினின் மட்டும் பார்ப்பவர்கள் அந்தக் காலத்தைத் தவறவிடுகிறார்கள்.

செய்வது எளிது. ஒரு சின்ன டப்பாவில் சிறுநீர், முடிந்தால் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய் அல்புமின் குறைவாகத் தெரியுமே என்ற சிக்கலைத் தீர்க்கத்தான் கிரியேட்டினினால் வகுக்கிறார்கள். சிறுநீர் நீர்த்தால் இரண்டும் சேர்ந்தே நீர்க்கும், விகிதம் மாறாது.

ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக அல்புமின் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு, அதற்கு மேல் கடுமையான கசிவு. சில லேப்கள் ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் என்று தருவார்கள், அங்கே எல்லை 3ம் 30ம். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படித்தால் பத்து மடங்கு தப்பாகப் புரிந்துகொள்வோம்.

இதன் மறைமுகச் செலவு, மறுபடி எடுக்க வேண்டி வருவது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடும் உடற்பயிற்சி எதுவானாலும் தற்காலிகமாக ஏறலாம். அதனால் ஒருமுறை கூடுதலாக வந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி எடுத்து, மூன்று முறையில் குறைந்தது இரண்டு முறை கூடுதலாக இருந்தால்தான் கசிவு என்று உறுதி செய்வார்கள். இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால் நோய் கண்டுபிடித்த அன்றே ஆரம்பித்து வருடத்துக்கு ஒருமுறையாவது, முதல் வகை என்றால் ஐந்து வருடம் கழித்து ஆரம்பித்து வருடத்துக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும்.

"யூரின் டெஸ்ட்தான் எடுத்தேனே, புரதம் 'நில்' (இல்லை) என்று வந்ததே" என்பவர்கள் உண்டு. அது பட்டை நனைத்துப் பார்க்கும் சோதனை. ரத்தம், சர்க்கரை, தொற்றுக்கான தடயம் எல்லாவற்றையும் ஒரே பட்டையில் காட்டும், அதனால் அதற்கும் இடம் உண்டு. ஆனால் 30க்கும் 300க்கும் இடையிலான கசிவைப் பெரும்பாலும் தவறவிடும். பட்டையில் ரத்தம் தெரிந்தால் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்குப் புதிய சிறுநீர் வேண்டும். வீட்டில் பிடித்துக் காரில் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டுக் கொண்டுவந்தால் பார்க்க வேண்டிய செல்கள் சிதைந்துபோயிருக்கும்.

## 24 மணி நேரச் சிறுநீர்

ஒரு காலத்தில் இதுதான் அளவுகோல். இன்று பெரும்பாலான தேவைகளுக்கு ஏசிஆரே போதும். காரணம், இதைச் சரியாகச் செய்வது அத்தனை கஷ்டம். காலை ஆறு மணிக்கு முதலில் போவதைக் கேனில் பிடிக்கக்கூடாது, கொட்டிவிட வேண்டும். அப்போதிலிருந்து கணக்கு ஆரம்பம். பிறகு பகலும் இரவும் போவது ஒரு சொட்டு விடாமல் கேனுக்குள், மறுநாள் காலை ஆறு மணிக்குப் போவதும் கேனுக்குள். முதல் காலையையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள், அல்லது கடைசிக் காலையை விட்டுவிடுவார்கள். என் அம்மாவே, நான் இரண்டு முறை விளக்கியும், நடுவில் மலம் கழிக்கப் போனபோது சேர்ந்து போன சிறுநீரை விட்டுவிட்டார். கேன் முக்கால்வாசி நிறைந்திருந்தது, நானும் நம்பினேன். கிரியேட்டினின் மொத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஒரு நாளில் ஆண்களுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 20 முதல் 25 மில்லிகிராமும், பெண்களுக்கு 15 முதல் 20 மில்லிகிராமும் வரவேண்டும், வயதானவர்களுக்கு இன்னும் குறையும். அம்மாவின் வயதுக்குக்கூட அது பாதிதான் இருந்தது. ஒரு நாள் முழுக்க அவர் வெளியே போகாமல் இருந்தது வீண்.

இதே கேனிலிருந்து கிரியேட்டினின் கிளியரன்ஸும், அதாவது வடிகட்டும் வேகத்தின் இன்னொரு மதிப்பீடும், கணக்கிடலாம். கிரியேட்டினினில் ஒரு பகுதி வடிகட்டாமலே சிறுநீரகக் குழாய்கள் வழியாகச் சுரப்பதால், உண்மையைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அப்படியானால் யாருக்கு இது சரி? தசை அளவு மிகவும் அசாதாரணமாக இருந்து சிஸ்டாட்டின் சியும் கிடைக்காதவருக்கு, சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருபவருக்கு, புரதம் கிராம் கணக்கில் போகிறவருக்கு. கேட்டால் செய்யுங்கள், ஆனால் கேனை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

## நேரடியாக அளக்கும் ஜிஎஃப்ஆர்

மற்றவை எல்லாம் மதிப்பீடு, இது அளவீடு. இன்யூலின் என்ற பொருள்தான் (இன்சுலின் அல்ல) மூல அளவுகோல், நடைமுறையில் அயோஹெக்சால் அல்லது டிடிபிஏ ஊசி போட்டு, அது ரத்தத்திலிருந்து எவ்வளவு வேகமாக மறைகிறது என்று பல மணி நேரம் பார்ப்பார்கள். டிடிபிஏ ஸ்கேனில் இடது எத்தனை சதவீதம், வலது எத்தனை சதவீதம் என்றும் தெரியும். சிறுநீரகம் தானம் கொடுக்க வருபவருக்கும், அளவு கொஞ்சம் தவறினாலும் ஆபத்தான கீமோ மருந்து எடுப்பவருக்கும் இது தேவைப்படலாம். மற்றவர்களுக்கு அரை நாள் அலைச்சல்தான் மிச்சம்.

## உங்கள் நிலைமைக்கு எது

| நிலைமை | முதலில் | அப்புறம் தேவைப்பட்டால் |
|---|---|---|
| சர்க்கரை, ரத்த அழுத்தம் | ஈஜிஎஃப்ஆர் + ஏசிஆர் | மூன்று மாதத்தில் மறுபடி |
| மெலிந்த முதியவர், ஜிம் உடம்பு | ஈஜிஎஃப்ஆர் + ஏசிஆர் | சிஸ்டாட்டின் சி |
| ஈஜிஎஃப்ஆர் 45–59, கசிவு இல்லை | மூன்று மாதத்தில் மறுபடி | சிஸ்டாட்டின் சி |
| வாந்தி, பேதிக்குப் பிறகு சோர்வு | கிரியேட்டினின், யூரியா, பொட்டாசியம் | ஒன்றிரண்டு நாளில் மறுபடி |
| சிறுநீரில் நுரை, ரத்தம் | ஏசிஆர், நுண்ணோக்கி, ஈஜிஎஃப்ஆர் | மருத்துவர் கேட்டால் 24 மணி நேரம் |
| தானம் கொடுக்க விருப்பம் | ஈஜிஎஃப்ஆர் + ஏசிஆர் | நேரடி அளவீடு |

பேக்கேஜில் வரும் யூரிக் அமிலம், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்பவை அல்ல. சிறுநீரகம் கெட்ட பிறகு உடம்பில் என்னென்ன மாறியிருக்கிறது என்று சொல்பவை. ஏற்கெனவே நோய் இருப்பவருக்கு அவசியம், முதல்முறை பார்ப்பவருக்கு அவ்வளவு அவசரம் இல்லை. பொட்டாசியம் மட்டும் விதிவிலக்கு. அது ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 58 வயதில் ஒரு அம்மா கிரியேட்டினின் 1.1 என்ற காகிதத்தோடு வந்தார். இயல்பு எல்லைக்குள்தான் இருந்தது, அவர் கவலைப்படவில்லை. பைக்குள் மடித்து வைத்திருந்த இரண்டு வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டைத் தற்செயலாக எடுத்தார். அதில் 0.7. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஈஜிஎஃப்ஆர் சுமார் 100இலிருந்து 58க்கு வந்திருந்தது. அன்றே ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தேன். ஏசிஆர் 400ஐத் தாண்டியிருந்தது.